ஒரு சாண் வயரில் எரிந்த பல்பு

என் தங்கச்சிக்கு எங்கள் ஷெட்டில் வைத்த பெயர் சீப்பு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி என்று அவசரத்துக்கு ஓடுகிற வண்டிகளுக்குள் வயர்லெஸ்ஸும் சைரனும் பொருத்துவது அவள் வேலை. அவள் கை பட்ட வண்டியின் உள்கூரைப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், வயர்கள் எல்லாம் எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர். சொந்தத் தலையை வாரிக்கொள்ளத்தான் அவளுக்கு நேரமே கிடைத்ததில்லை. காலையில் முடிந்த கொண்டையில் சாயங்காலத்துக்குள் ஒரு டெஸ்டரும் இரண்டு சாக்பீஸும் குடியேறியிருக்கும்.

நான் அவளுடைய அக்கா. அதே ஷெட்டின் மறுபாதியில் சீட்டுக்கும் ஸ்ட்ரெச்சர் மெத்தைக்கும் ரெக்சின் தைக்கிறேன். நடுவில் சுவர் கிடையாது. நான் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். அவள் பேச மாட்டாள், ஆனால் அவள் பேசாததும் என் காதில் விழும். கூடப் பிறந்த பாவம், வேறென்ன சொல்ல.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வந்தாள் என்று கதை விட எனக்கு இஷ்டமில்லை. ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் ஆள் வேண்டும் என்றார்கள், இவள் சும்மா இருந்தாள், போனாள். முதல் வருஷம் முழுக்க வயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷம் ஒரு தீயணைப்பு வண்டியில் ஏதோ கோளாறு பார்க்கக் கூடவே போனாள். அங்கே ஒரு வீரர் கீழே குதிக்கும்போது, தொங்கிக்கொண்டிருந்த மைக் வயரில் பூட்ஸ் மாட்டி முகம் குப்புற விழுந்து இரண்டு பல்லை விட்டார். அவர் என்னவோ சிரித்துக்கொண்டே எழுந்து ஓடிவிட்டார். இவள்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அந்த வயரைத் தொங்கவிட்டது வேறு யாரோ. ஆனாலும் அன்றிலிருந்து அவள் கைபட்ட வண்டியில் ஒரு வயர்கூடத் தொங்கியதில்லை.

தனியாக ஷெட் போட்ட பிறகு அவள் இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டாள். எந்த வண்டி வந்தாலும் அதை ஓட்டப்போகிற ஆளை வரச்சொல்லி சீட்டில் உட்கார வைப்பாள்.

"கண்ணை மூடிக்குங்க. உங்களை வயர்லெஸ்ல கூப்பிடுறாங்க. மைக்கை எடுங்க."

"மைக் எங்கம்மா இருக்கு?"

"இல்ல. எடுங்க."

அவர் வெறும் காற்றில் கையை நீட்டுவார். கை எங்கே போய் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. மைக் அங்கேதான் வரும். சில டிரைவர்கள் இதென்ன கண்ணாமூச்சி என்று சிரிப்பார்கள். பொருத்தி முடித்து வண்டியை எடுத்துக்கொண்டு போன மறுவாரம் அவர்களே வந்து, "பார்க்காமலே எடுக்க முடியுதும்மா" என்பார்கள். அவள் "ம்" என்பாள். பாராட்டை வாங்கிக்கொள்ளவும் தெரியாது அவளுக்கு.

இப்போது பல்பு கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லா வினையும் அதில்தான் இருந்தது. எங்கள் ஷெட்டை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஷெட் போட்ட புதிதில் ஒருநாள் சீப்பு ஒரு சைரனை முழுச் சத்தத்தில் போட்டுப் பார்த்தாள். தீப்பிடித்துவிட்டது என்று மொத்தப் பள்ளிக்கூடமும் மைதானத்துக்கு ஓடி வந்துவிட்டது. தலைமை ஆசிரியை சுவருக்கு மேலே தலையை நீட்டி விட்ட டோஸில் எனக்கே, பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்த எனக்கே, கைகட்டி நிற்கத் தோன்றியது. அன்றைக்குச் சீப்பு ஒரு வழி கண்டுபிடித்தாள். சைரன் பெட்டியிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டுவாள். சைரனை அழுத்தினால் சத்தம் வராது. பல்பு பிரகாசமாகி மங்கி, பிரகாசமாகி மங்கி எரியும். பெட்டி ஒழுங்காகப் பாடுகிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரைத் தனியாக ஒரு பேட்டரியில் தொட்டு எடுப்பாள். 'டக்' என்றால் அதுவும் சரி. ஊரைக் கூட்டாமல் சைரன் பார்க்கும் ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. எனக்கும்தான்.

போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் பிரிவிலிருந்து ஆறு வண்டி வந்தது. இதைச் சரியாக முடித்தால் இன்னும் எட்டு வண்டி வரும் என்று பேச்சு. நாலாம் வண்டியின் டிரைவர் ஐம்பதைத் தொட்ட மனுஷர், அதிர்ந்து பேசாதவர். கண்ணை மூடி மைக்கை எடுக்கச் சொன்னால் அவர் கை மேலே போகவே இல்லை, முழங்கால் பக்கம் போய் நின்றது. எப்போதோ தோள் பிசகி, கையைத் தூக்கினால் வலிக்குமாம். சீப்பு மறுபேச்சில்லாமல் முழங்கால் உயரத்துக்கு ஒரு தனி கிளாம்ப் செய்து அங்கே மைக்கை மாட்டினாள்.

"என் தோள்வலியைப் பத்தி என் வீட்டுக்காரிகூட இவ்வளவு விசாரிச்சதில்லம்மா" என்றார் அவர். சீப்பு "ம்" என்றாள்.

அந்த நாலாம் வண்டி மட்டும் வேறு அமைப்பு. மற்ற ஐந்தில் சைரனின் ஸ்பீக்கர் வயர் உள்கூரையின் இடப்பக்கமாகவும் வயர்லெஸ்ஸின் ஆன்டெனா வயர் வலப்பக்கமாகவும் போயின. இதில் இடப்பக்கம் முழுக்க ஆக்ஸிஜன் குழாய். அதனால் இரண்டு வயரையும் வலப்பக்கமே கொண்டுபோனாள். இரண்டையும் சேர்த்து, சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டு, அதாவது டை, போட்டு, முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே பின்னலாக இழுத்துக் கட்டினாள். பலகையை மூடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இதை வந்து பாரேன்."

அவளாக வந்து பார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. நல்லாருக்குடி என்றேன். ஆக இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வண்டி போய் ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு காலையில் நாலாம் வண்டி, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு சைரன் போட்டபடி வந்தது. அன்றைக்குப் பார்த்து ஆஸ்பத்திரி முன்வாசலில் குழாய் உடைந்து பள்ளம் தோண்டி அடைத்துவிட்டார்கள். பின்வாசலுக்குப் போகச் சொல்லி கன்ட்ரோல் ரூம் பெண் வயர்லெஸ்ஸில் மூன்று தடவை சொன்னாள். பதில் இல்லை. வண்டி நேராக முன்வாசலில் போய் மாட்டிக்கொண்டது. பின்னால் வண்டிகள் அடைத்துக்கொள்ள, திரும்பி வெளியே வரப் பதினைந்து நிமிஷம். குழந்தை அந்த வாசலிலேயே, நான் தைத்த மெத்தை மேலேயே பிறந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. தாய்க்கு ரத்தம் போய் இரண்டு நாள் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்து, மூன்றாம் நாள் கண் விழித்தாள். அந்த இரண்டு நாளில் டிரைவர் பாதியாக இளைத்துவிட்டாராம்.

"சைரன் போட்டா வயர்லெஸ்ல கர்ருனு இரைச்சல்தான் வருது, ஒரு வார்த்தை கேக்கலை. இதுக்கு முன்னாடி சைரன் ஓடுறப்ப யாரும் கூப்பிட்டதில்ல, அதான் தெரியாமப் போச்சு" என்று அவர் சொன்னார். உடனே வண்டியை எங்களிடம் சோதிக்க அனுப்பினார்கள். சீப்பு வழக்கம்போல் பல்பை மாட்டினாள். சைரன் பெட்டி பாடியது. வயர்லெஸ்ஸில் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டாள். கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது. இரண்டையும் சேர்த்தே போட்டுப் பார்த்தாள். அப்போதும் தெளிவு. காகிதத்தில் 'குறை இல்லை' என்று மணிமணியாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்து அந்த மனுஷர் ஷெட்டுக்கு வந்தார். யூனிஃபார்ம் இல்லை, சாதாரணச் சட்டை. வாசலிலேயே நின்றார்.

"உங்க கூட சண்டை போட வரலைம்மா. வெள்ளிக்கிழமை விசாரணை. வயர்லெஸ்ஸை அணைச்சு வெச்சிட்டுப் பொய் சொல்றேன்னு பேசிக்கிறாங்க. உங்க காகிதத்தைத்தான் காட்டுறாங்க. இனிமே ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டாங்க போலிருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதுக்கு என் தங்கச்சி தலையிலயா கட்டுவீங்க? ஊருக்கே தெரியும் அவ வேலை எப்படின்னு" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் குரல் உயரவில்லை. "நான் பொய் சொல்லலைம்மா. அந்தப் பொண்ணு பின்னாடி கத்துறது கேட்டுச்சு. சைரன் கேட்டுச்சு. வயர்லெஸ் கேக்கல. ரெண்டையும் சேத்துப் போட்டுத்தான் பாத்தீங்களா?"

"பார்த்தேன்" என்றாள் சீப்பு.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் மிஷினில் உட்கார்ந்து கோபத்தில் இரண்டு தையலைக் கோணலாக விட்டேன். சீப்பு மேஜை மேல் கிடந்த பல்பையே வெறித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"அக்கா, இந்தப் பல்புல வயர் எவ்வளவு நீளம்?"

"ஒரு சாண் இருக்கும். ஏன்டி?"

"ஸ்பீக்கர் வயர்?"

"வண்டி நீளத்துக்கு."

"அதுல நான் கரண்ட்டே விட்டதில்ல அக்கா. பல்பை மாட்டுறப்ப அதைக் கழட்டிடறேன். அது ஆன்டெனா வயரை ஒட்டிக்கிட்டுச் சும்மா கிடக்குது. ரோட்டுல சைரன் போட்டாத்தான் அதுல கரண்ட்டு ஓடும். அந்த இரைச்சலெல்லாம் பக்கத்து வயர்ல ஏறும். நான்தான் ரெண்டையும் சேத்துக் கட்டி வெச்சேன். இறுக்கி வேற கட்டினேன்."

நான் அக்கா, குடும்பத்துக்கு மூத்தவள், சாமர்த்தியமாகத்தானே யோசிப்பேன். "சரி விடு. ஏதாவது சொல்லி வண்டியைக் கூப்பிடு. வயரை மாத்திக் கொடு. வாயைத் திறக்காதே. இன்னும் எட்டு வண்டி வரணும்" என்றேன்.

"வயரை மாத்தினா வண்டி சரியாகும். அந்த ஆளு?"

நான் அவளுக்கு வேறு டீ போடப் போனேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஆம்புலன்ஸ் பிரிவு அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி நல்ல மனுஷர்தான், ஆனால் மேஜையில் காகிதம் இருந்தால் அதை மட்டும் நம்புகிற ரகம். எங்கள் காகிதத்தை எடுத்து முன்னால் போட்டார்.

"குறை இல்லைன்னு நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்தீங்க?"

"தப்பா எழுதிட்டேன் சார். அவர் சொன்னது நிஜம். வண்டியை அனுப்புங்க, உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன்."

"இதனால உங்க பேரு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார்" என்றாள். கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள் (அதுவும் அங்கேதான் இருந்திருக்கிறது). 'குறை இல்லை'யை அடித்துவிட்டு, கீழே 'குறை என் வேலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் எழுத்து கோணலாகி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பெருமையாகவும் இருந்தது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வண்டி ஷெட்டுக்கு வந்தது. டிரைவரை வரச்சொன்னாள், அதிகாரியும் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு நான் போனேன். சைரனை முழுச் சத்தத்தில் இரண்டு தடவை போட வேண்டும் என்றதும் தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சுவரில் ஒட்டிய மணி அட்டவணையைப் பார்த்துவிட்டு, "காலை இடைவேளையில ஒண்ணு, மதியம் ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம்" என்று கறாராகச் சொன்னார்.

இடைவேளை மணி அடித்ததும் சுவர் நெடுக முளைத்த தலைகளை எண்ண முடியவில்லை. எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு பல்லைக் காட்டின. அதிகாரி முன்சீட்டுக் கதவருகே நின்றார். நான் பின்னால் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் சைரனைப் போட்டார். காது கிழிந்தது. அதோடு வயர்லெஸ்ஸில் கிளம்பியது பாருங்கள் ஒரு இரைச்சல், தகரத்தின் மேல் ஜல்லி கொட்டுகிற மாதிரி. அதற்கு அடியில் எங்கேயோ கன்ட்ரோல் ரூமிலிருந்து பேசுகிற ஒரு பெண் குரல் இருப்பது தெரிந்தது, ஒரு சொல்லும் தெரியவில்லை. அதிகாரி முகம் வெளுத்துவிட்டது. டிரைவர் யாரையும் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் தன் மேல் இல்லை என்று தெரிந்த சந்தோஷம்கூட அந்த முகத்தில் இல்லை. அந்தப் பெண் கிடந்த ரத்தம்தான் அவர் கண்ணில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு சீப்பு உள்கூரைப் பலகையைக் கழற்றினாள். அந்தப் பின்னல் அப்படியே பளிச்சென்று இருந்தது. கட்டரை எடுத்து டைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். டொக், டொக், டொக். ஒரு இடத்தில் ஆன்டெனா வயர் நசுங்கியே போயிருந்தது. அதை மொத்தமாக உருவி எறிந்துவிட்டுப் புது வயர் எடுத்தாள். இடப்பக்கம் குழாய், வலப்பக்கம் ஸ்பீக்கர் வயர். கடைசியில் அந்தப் புது ஆன்டெனா வயரைப் பலகைக்கு வெளியே, நடுக்கூரையில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி தனியாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"அசிங்கமா இருக்குக்கா" என்றாள்.

"தள்ளு" என்றேன். கூரை நீளத்துக்கு வெள்ளை ரெக்சினில் ஒரு உறை தைத்து, வயரை உள்ளே விட்டு, இரண்டு ஓரமும் பட்டி வைத்து ஸ்க்ரூ பண்ணினேன். யாரும் தலையை இடித்துக்கொண்டாலும் மெத்தென்று இருக்கும். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தொங்கவில்லை. சீப்பு அதை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த நன்றி.

மதிய இடைவேளைக்கு மறுபடியும் சுவர் நெடுக தலைகள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், பக்கத்துச் சீட்டில் சீப்பு. அதிகாரி போனில் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, "ஏதாவது பேசும்மா, எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்தப் பக்கம் இருந்தது அன்றைக்கு மூன்று தடவை கூப்பிட்ட அதே பெண் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. விசாரணையில் அவளைத்தான் முதல் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். 'நான் மூன்று தடவை சொன்னேன், டிரைவர் காதில் வாங்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

டிரைவர் சைரனைப் போட்டார். அதே காது கிழிகிற சத்தம். ஆனால் வயர்லெஸ்ஸில் இரைச்சல் இல்லை. பின்னால் ஸ்ட்ரெச்சரில் இருந்த நான் முன்னால் சாய்ந்தேன். அப்போது அந்தச் சத்தத்துக்கு நடுவில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அந்தக் குரல் வந்தது.

"நாலாம் வண்டி, நாலாம் வண்டி. முன்வாசல் அடைச்சிருக்கு. பின்வாசலுக்குப் போங்க. கேக்குதாண்ணே?"

டிரைவர் குனிந்து பார்க்கவில்லை. கை தானாக முழங்காலுக்குப் போனது. மைக் அங்கே இருந்தது.

"கேக்குதும்மா" என்றார். "நல்லா கேக்குது. பின்வாசலுக்குப் போறேன்."

அந்தப் பக்கமிருந்து "சரிண்ணே" என்று மட்டும் வந்தது.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. சீப்பும் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சைரனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. சுவருக்கு மேலே தலைமை ஆசிரியை கையைக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார், பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தன.